தண்டேல் யேசுரட்ணத்தின் கரிக்கால்

எழுத்துத் தெரிந்தவனெல்லாம் விஷயம் தெரிந்தவன் என்று நினைக்கிற ஒரு கூட்டம் கொழும்பில் எக்காலத்திலும் உண்டு. அந்தக் கூட்டத்துக்குக் கழுத்துப்பட்டி இருக்கும், தங்கச் சங்கிலியில் மணிக்கூடு இருக்கும், மூளையை மட்டும் கந்தோர் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கும். கொட்டாஞ்சேனைத் தண்டேல் யேசுரட்ணத்துக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே வாயில் எச்சில் ஊறும். விழுங்குவதற்கல்ல.

தண்டேல் என்றால் துறைமுகத்தில் ஒரு படகுக்கும் அதன் ஆட்களுக்கும் தலைவன். யேசுரட்ணத்தினது கரிப்படகு. நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்கு நிலக்கரி கொண்டுபோய் ஏற்றுவது வேலை. பன்னிரண்டு வயதில் பேசாலையிலிருந்து இரவல் சட்டையோடு வந்து இறங்கியவர். ஏழு வருடம் பலகையில் ஏறி ஏறிக் கரிச்சாக்குச் சுமந்தார். ஒன்பது வருடம் துடுப்புப் பிடித்தார். அதற்குப் பிறகு தண்டேல். எந்தத் துரைக்கும் வாழைக்குலை கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, எந்தக் கந்தோர் மாத்தயாவின் வாசலிலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்பு. தன் பெயரை எழுதுவார். பாதிப் பெயரில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வார். ஆனால் மூட்டத்தில் கப்பல் ஊதுகிற சத்தத்தை வைத்தே அது எந்தக் கம்பனிக் கப்பல் என்று சொல்லிவிடுவார். அதை எந்தக் கல்லூரியில் படிப்பிக்கிறார்கள்?

அவருடைய சொத்து அந்தப் பெயர்தான். கொட்டாஞ்சேனைச் சந்தையில் ‘தண்டேல்’ என்றால் ஒரே ஆள். மீன்காரி கூட நல்ல துண்டை எடுத்து ஒரு பக்கம் வைப்பாள். அந்தப் பெயரை அவருக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. முதுகுத்தோலைக் கொடுத்து வாங்கியது.

இந்த மனிதர் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கப் போன கதை வேறு. துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவில் இருந்த கத்தோலிக்கக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே உட்கார வாங்கு போட்டு வகுப்பு நடக்கும். கரிக்காரர், வலைக்காரர் பிள்ளைகளுக்கு வாங்கும் இல்லை, வாத்தியாரும் இல்லை. “தலையில பேன், வாயில தூஷணம், அதுகளுக்கு ஆர் படிப்பிக்கிறது?” என்று படித்த மனிசர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யேசுரட்ணம் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே சவவண்டி நிறுத்துகிற கொட்டில் ஒன்று இருந்தது. வண்டியை வெளியே தள்ளிவிட்டு, சாக்கு விரித்து, உட்காரச் சொன்னார். அன்று தொடங்கிய வகுப்பு பதினொரு வருடம் நடந்தது. சவ அடக்கம் உள்ள ஞாயிறுகளில் மட்டும் வண்டி வரும்வரை மழையில் நிற்பார்கள்.

வாசிக்கத் தெரியாதவர் எப்படிப் படிப்பித்தார் என்று கேட்கிறவர்களுக்குக் காது என்று ஒன்று இருப்பது மறந்துபோயிருக்கும். முப்பது வருடம் பிரசங்கம் கேட்டவர் அவர். மற்றவர்கள் தூங்கிய பிரசங்கங்களையும் கேட்டவர். அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேரும் அவருக்குப் புத்தகத்தில் இருக்கிற ஆட்கள் அல்ல, ஒரு படகு ஆட்கள்.

“ஆண்டவருக்குப் பன்னிரண்டு ஆள். எனக்குப் பதினாறு ஆள்,” என்று தொடங்குவார். “ஆனா அவற்ற ஆக்கள் என்ர ஆக்களிலயும் மோசம். மூண்டு வருசம் கூடத் திரிஞ்சும் ஒருத்தனுக்கும் ஒண்டும் விளங்கேல்ல.”

முன்வரிசையில் பிறிஜெற் என்று ஒரு பெட்டை இருக்கும். வயது ஒன்பது, வலைக்காரன் மகள், வாய் மட்டும் நாற்பது வயது. “அப்ப ஏன் மாமா ஆண்டவர் அவையள வேலையால நிப்பாட்டேல்ல?”

“நானெண்டா நிப்பாட்டியிருப்பன். அதாலதான் நான் தண்டேல், அவர் ஆண்டவர்.”

இராயப்பர், அதாவது புரட்டஸ்தாந்துக்காரர் பேதுரு என்கிறவர், அவர் சொல்லில் வாய்வீச்சுத் தண்டேல். ‘சாகும்வரை நிற்பன்’ என்று சொல்லிவிட்டு ஒரு வேலைக்காரப் பெட்டையின் கேள்விக்குப் பயந்து நழுவினவர். தோமையார் சாக்குக்குள் கையை விட்டுப் பார்க்காமல் கணக்கில் ஏற்றாத ஆள். சந்தியாகப்பரும் அருளப்பரும் சகோதரர்கள், தாயைக் கூட்டிக்கொண்டு வந்து ஆண்டவரிடம் பெரிய வேலை கேட்டவர்கள். மத்தேயுவைப் பற்றிச் சொல்லும்போது, “சுங்கத்தில குந்தியிருந்தவன். இப்பவும் அங்க கனபேர் குந்தியிருக்கினம். ஆண்டவர் கூப்பிட்டா ஒருத்தனும் எழும்பமாட்டான்,” என்பார்.

யூதாசின் விஷயத்தில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொரு பெயர் கொடுத்துக் கதையை நடிக்க விடுவார். யூதாசு ஆக ஒரு பிள்ளையும் மறுக்கக் கூடாது. வாரம் ஒருவர், வரிசைப்படி முறை. “அவனும் பன்னிரண்டில ஒருத்தன். ஆள் குறைஞ்சா படகு போகாது,” என்பார்.

ஒருநாள் பிறிஜெற் கேட்டாள்: “கடைசி இராச்சாப்பாட்டில ஆண்டவர் எல்லாருக்கும் கால் கழுவினவர் எண்டு சொன்னீங்கள். யூதாசுக்குமா?”

“ஓம். அவன் ஆண்டவர வித்துப்போட்டு வந்து குந்தியிருக்கிறான். அவருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் குனிஞ்சவர்.”

“தண்ணிய முகத்தில ஊத்தியிருக்கலாம்.”

“அந்த யோசின எனக்கும் வந்தது, பிள்ளை.”

“மாமா, நான் ரெண்டுதரம் யூதாசாயிருந்திட்டன். உங்கட முறை எப்ப?”

“தண்டேலுக்கு முறை கிடையாது,” என்று வெடுக்கென்று சொன்னார் யேசுரட்ணம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழக்கிழமை பிற்பகல் கோயிலில் கால் கழுவுகிற சடங்கு. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு அப்போஸ்தலரின் பெயர் எழுதிய மட்டை. பங்குக்குருவான சுவாமியார் பெயரைக் கூப்பிட்டு, குனிந்து, வலக்காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். முதல் நாற்காலிக்கு வருடா வருடம் இழுபறி. அரிசி மொத்த வியாபாரியா, சாராயக் குத்தகைக்காரரா, புதுக்கடையில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியா என்று மூன்று மாதத்துக்கு முன்பே கசமுசா தொடங்கிவிடும். எல்லாரும் வீட்டிலேயே இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பவுடர் பூசி, சப்பாத்துக்குள் பத்திரமாக மூடிக்கொண்டு வருவார்கள். கழுவின காலைக் கழுவுவதற்குப் பிரான்சு தேசத்திலிருந்து ஒரு சுவாமியார் கப்பலேறி வந்தாரே, பாவம்!

கடைசி நாற்காலி யூதாசினது. அதற்கு இழுபறி இல்லை, இழுத்துக்கொண்டு வருவதுதான். முந்திய வருடம் சவப்பெட்டி செய்கிற தச்சன் ஹெக்டரைப் பிடித்து இருத்தினார்கள். அடுத்த நாள் சந்தையில் அவன் பெயர் ‘யூதாசு ஹெக்டர்’. தேத்தண்ணிக் கடையில் ‘யூதாசுக்கு ஒரு பிளேன்டி’ என்று கூவினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அதே பட்டம். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் தட்டுமுட்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மட்டக்குளிக்கே குடிபோய்விட்டான். பெயர் அவனுக்கு முந்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஆறாம் ஜோர்ஜுக்கு முடிசூட்டு நடக்க இருந்த அந்த வருடம், கோயில் சங்கத்துக்குப் புதிய காரியதரிசி வந்தார். ஒஸ்வால்ட். சுங்கக் கந்தோரில் கிளாக்கர், இங்கிலீசுப் படிப்பு, நாற்பது வயது. கொட்டாஞ்சேனைக் காற்று ஒத்துவரவில்லை என்று வெள்ளவத்தையில் வீடு கட்டிக்கொண்டு போனவர். அதிகாரம் பண்ண மட்டும் ஞாயிறு தோறும் ரயிலும் ட்ராமும் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருவார். வெள்ளவத்தையில் அதிகாரம் பண்ண ஆள் கிடைக்கவில்லையாக்கும்.

குருத்தோலை ஞாயிறு அன்று, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒஸ்வால்ட் கொட்டில் வாசலில் வந்து நின்றார். கையில் வெள்ளைக் கைலேஞ்சு. மூக்குக்கும் அதற்கும் நாலு விரல் தூரம்.

“யேசுரட்ணம், உம்மட சேவைக்கு நன்றி. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இந்த வகுப்ப நான் எடுக்கப் போறன். சுவாமிக்கும் எழுதிக் குடுத்திட்டன்.”

“ஏன் தம்பி?” என்றார் யேசுரட்ணம். ‘தம்பி’ என்ற சொல் ஒஸ்வால்டுக்கு முள்ளுப்போலக் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னார்.

“மே மாசம் பிஷப் ஆண்டகை வாறார், பிள்ளையளுக்கு உறுதிபூசுதல் குடுக்க. அவர் கேள்வி கேப்பார். உம்மட பிள்ளையள், சந்தியாகப்பர தாய்க்காரி வேலைக்குச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தவ எண்டு சொல்லுங்கள். வெக்கக்கேடு.”

“வந்தவதானே? வேதத்தில இருக்கு.”

“வேதத்த நீர் வாசிச்சனீரோ?”

“இல்ல. நீர் வாசிச்சனீரோ?”

“நான் இங்கிலீசில வாசிச்சனான்.”

“அப்ப, இங்கிலீசில தாய்க்காரி வரேல்லப் போல.”

பிறிஜெற் ‘கிளுக்’ என்று சிரித்தாள். ஒஸ்வால்டின் காது சிவந்தது. “எழுத்துத் தெரியாத ஆளிட்ட நாப்பது பிள்ளையள விட்டது கோயிலின்ர பிழை. அத நான் திருத்திறன். வியாழக்கிழமை நாற்காலி விசயத்தையும் திருத்தியிருக்கிறன். யூதாசு மட்டைய எடுத்தெறிஞ்சிட்டு மத்தியாசின்ர பேரப் போட்டாச்சு. மத்தியாசும் அப்போஸ்தலர்தானே? அந்த நாற்காலியில நானே இருக்கப் போறன். இனி ஒருத்தரும் மட்டக்குளிக்கு ஓடத் தேவையில்ல.”

யேசுரட்ணம் கண்களை இடுக்கிப் பார்த்தார். “மத்தியாசு அண்டைக்கு அங்க இல்ல, தம்பி. யூதாசு நாண்டுகொண்டு செத்தாப் பிறகுதான், மற்ற ஆக்கள் சீட்டுப் போட்டு மத்தியாச எடுத்தவை. வேலைக்குச் சேராத ஆளுக்கு ஆண்டவர் எப்பிடிக் கால் கழுவுறது?”

“உம்மட்டயா நான் வேதம் படிக்கிறது?” என்று சொல்லிவிட்டு ஒஸ்வால்ட் கைலேஞ்சை உதறிக்கொண்டு நடந்தார்.

யேசுரட்ணம் சுவாமியாரிடம் போனார். சுவாமியார் நல்ல மனிதர். தமிழைப் புத்தகத்தில் படித்து, புத்தகம் பேசுவது போலவே பேசுவார். “யேசுரட்ணம், நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆண்டகை வருகிறார். பிள்ளைகள் சரியாக அறிந்திருக்க வேண்டும். பெரிய வியாழன் கழியட்டும், சொல்கிறேன்,” என்றார். நாற்காலி விஷயத்தை யேசுரட்ணம் அவரிடம் வாய்திறந்து சொல்லவில்லை. கோள் மூட்டி வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒன்றும் கந்தோர் ஆள் அல்லவே.

ஆனால் அந்த நாலு நாளும் கரி ஏற்றும்போது அவருக்குக் கை ஓடவில்லை. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கொட்டில்தான். அதையும் ஒரு கைலேஞ்சுக்காரன் பறித்துக்கொண்டு போனால், மிச்சம் இருப்பது கரியும் பெயரும்.

வியாழக்கிழமை ஒரு ஜப்பான் கப்பல் அவசரப்பட்டது. யேசுரட்ணம் குளிக்க நேரமில்லாமல், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். கரிக்காரர் வாங்கில் உட்காருவதில்லை. துணி அழுக்காகும் என்று நல்ல வீட்டார் முகம் சுழிப்பார்கள். வாசல் தூணோடு நின்றார். பிள்ளைகள் முன்னால் தரையில் குந்தியிருந்தன. பன்னிரண்டு நாற்காலியிலும் பன்னிரண்டு பெரிய மனிதர். வலக்கால்கள் பன்னிரண்டும் வெளியே நீட்டியபடி, பவுடர் பூசிய வெள்ளைப் பணியாரங்கள் மாதிரி வரிசையாக இருந்தன. கடைசியில் ஒஸ்வால்ட், படம் பிடிக்க வந்தவர் போல நாடியை நிமிர்த்தி.

சுவாமியார் காலையிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுக் களைத்திருந்தார். மட்டைகளை அப்போதுதான் பார்க்கிறார். ‘இராயப்பர்’ என்று கூப்பிட்டுச் சாராயக் குத்தகைக்காரரின் காலைக் கழுவினார். ‘பெலவேந்திரர்’ என்று அரிசி வியாபாரியின் காலை. அப்படியே ஒவ்வொன்றாய் வந்தார். செம்புத் தாம்பாளத்தில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பன்னிரண்டாவது நாற்காலியில் வந்து, “மத்தியாஸ்,” என்று வாசித்தார். வாசித்தவர் நின்றுவிட்டார்.

அந்த அமைதியில் பிறிஜெற்றின் குரல் கோயில் முகடு வரைக்கும் போயிற்று.

“அவர் அண்டைக்கு வரேல்லயே!”

யாரோ “ச்சூ” என்றார்கள். சுவாமியார் திரும்பினார். “பிள்ளையே, என்ன சொன்னாய்?”

“மத்தியாசு பிறகுதான் வந்தவர், சுவாமி. யூதாசு செத்தாப் பிறகு, சீட்டுப் போட்டு எடுத்தவை.”

“யார் உங்களுக்கு அதைப் போதித்தது?”

நாற்பது பிள்ளையும் ஒரே வாயாக, “தண்டேல் மாமா!” என்றன.

“அப்படியானால் அன்றிரவு பன்னிரண்டாவதாக இருந்தவர் யார்?”

“யூதாசு!”

அந்தச் சொல் விழுந்ததும் ஒஸ்வால்ட் நாற்காலியில் நெருப்புப் பட்டது போல எழும்பினார். எழும்பின வேகத்தில் ஒற்றைக்கால் வெறுங்காலோடும் மற்றக் கால் சப்பாத்தோடும் நொண்டி நொண்டிப் போய் வாங்கில் ஒளிந்துகொண்டார். இங்கிலீசுப் படிப்பு அவரை அவ்வளவு தூரம்தான் கொண்டுபோயிற்று.

நாற்காலி வெறுமையாக நின்றது. சுவாமியார் இடுப்பில் துவாயோடு நின்றார். “யாராவது ஒருவர் வந்து உட்காருங்கள்,” என்றார். ஒருவரும் அசையவில்லை. ஆண்கள் பக்கம் எல்லாருக்கும் திடீரென்று செபமாலை ஞாபகம் வந்தது. வாசலில் நின்ற கரிக்காரரும் கூரையைப் பார்த்தார்கள். எல்லார் மனதிலும் ஹெக்டரின் மாட்டுவண்டி.

பிறிஜெற் முழங்காலில் எழும்பி, கூட்டத்துக்கு மேலால் வாசலைத் தேடினாள்.

“தண்டேல் மாமா! நீங்கள் ஒருநாளும் இருக்கேல்லத்தானே. இப்ப உங்கட முறை!”

யேசுரட்ணம் தூணுக்குப் பின்னால் ஓரடி வைத்தார். நாற்பது வருடம் கரியில் கிடந்து வாங்கிய பெயர். அந்த நாற்காலியில் ஒருமுறை குந்தினால் நாளைக்கு மீன்காரி கூட வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். போகாமல் விட்டால் யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை, அந்த நாற்பது பிள்ளைகளைத் தவிர. அதுகள் வாரா வாரம் முறைப்படி யூதாசாக நின்ற பிள்ளைகள். ‘அவனும் பன்னிரண்டில ஒருத்தன்’ என்று அவர் சொன்னதை நம்பி நின்றவை. இப்போது எல்லாம் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“சனியன்,” என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் நடந்தார். சிமெந்துத் தரையில் வாசலிலிருந்து பீடம் வரை கறுப்பாகக் கால் அடையாளம் விழுந்துகொண்டே போயிற்று. பெண்கள் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டார்கள். அவர் நாற்காலியைக் கையால் தட்டிப் பார்த்து, தண்டேல் படகில் குந்துகிற மாதிரி விரிந்து குந்தி, வலக்காலை நீட்டினார்.

அது கால். குதியில் விரல் நுழைகிற வெடிப்பு, வெடிப்புக்குள் நாற்பது வருடக் கரி. பெருவிரல் நகம் ஒரு சங்கிலி விழுந்து செத்துப்போனது. சுவாமியார் குனிந்து தண்ணீர் ஊற்றினார். செம்புத் தாம்பாளம் மையாகிவிட்டது. “வேறு தண்ணீர் கொண்டு வாருங்கள்,” என்றார். அதுவும் கறுத்தது. மூன்றாவது தண்ணீரும் வந்தது. பதினொரு பெரிய மனிதரும் தங்கள் வெள்ளைப் பணியாரங்களை மெல்ல மெல்லச் சப்பாத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தக் கோயிலில் கழுவ வேண்டியிருந்த கால் அது ஒன்றுதான்.

சுவாமியார் துடைத்தார். முத்தமிடக் குனிந்தபோது மெதுவாகச் சொன்னார்: “யேசுரட்ணம், உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் பிந்தாமல் வாரும்.”

“நான் எப்ப சுவாமி பிந்தினனான்?” என்றார் யேசுரட்ணம்.

சுவாமியார் நிமிர்ந்தபோது அவருடைய உதட்டில் கரி ஒட்டியிருந்தது. யாரும் சொல்லத் துணியவில்லை. அப்படியே கறுத்த உதட்டோடு லத்தீன் செபத்தைச் சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை காலை துறைமுகத்தில், பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் எதிர்பார்த்தபடியே கூவினான்: “டேய், யூதாசு வாறான்!” பதினாறு ஆட்களும் தண்டேலின் முகத்தைப் பார்த்தார்கள்.

யேசுரட்ணம் துடுப்பை வைத்துவிட்டு எழும்பி, வலக்காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தார்.

“ஓமடா, யூதாசுதான். மூண்டு தண்ணியில கழுவி, வெள்ளைக்காரச் சுவாமி கொஞ்சின கால் இது. உன்ர கால உன்ர பெண்டாட்டியாவது கழுவினவளோ?”

இரண்டு படகும் சிரித்தது. அந்தப் பெயர் அன்றைக்கு மத்தியானமே செத்துப்போயிற்று. ஹெக்டருக்கு அப்படி ஒரு வாய் இருந்திருந்தால் மாட்டுவண்டிக்கூலி மிச்சம்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு கொட்டிலில் வகுப்பு நடந்தது. சுவாமியாரின் கட்டளைப்படி ஒஸ்வால்டும் வந்திருந்தார், ஆண்டகையிடம் கொடுக்கப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் எழுதுவதற்கு. எழுத்துத் தெரிந்தவர் அல்லவா, அவருக்கேற்ற வேலை. சவவண்டியின் பலகையில் கொப்பியை வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“இண்டைக்கு யூதாசு ஆற்ற முறை?” என்று கேட்டார் யேசுரட்ணம்.

பிறிஜெற் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு சவவண்டிப் பக்கம் பார்த்தாள்.

ஒஸ்வால்ட் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.